வரித்தலை வாத்து ஏன் வருகிறது? எப்படி வருகிறது?

ராதாபுரத்துக்கு வடக்கே, 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில், மார்கழி விடியற்காலையில் நின்று நோக்குவோர்க்கு, இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த வரித்தலை வாத்துக்கள் நீரில் மிதக்கும் காட்சி பேரானந்தம் அளிக்கும்.

அவை ஏன் வருகின்றன? மத்திய ஆசியாவின் ஏரிகள் உறைந்து, புல்வெளிகள் பனியில் மறைந்து ஆகாரம் அருகும் அதே பருவத்தில், வடகிழக்குப் பருவமழை நம் குளங்களை நிரப்புகிறது. பகற்பொழுது குறுகுவதே அவற்றின் சரீரத்தில் பிரயாண வேட்கையை எழுப்பும் சமிக்ஞை.

பிராணவாயு குறைந்த இமயத்தின் உயரத்தை அவை எப்படிக் கடக்கின்றன? அவற்றின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், தாழ்நிலத்து வாத்துக்களினுடையதைக் காட்டிலும் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்கிறது.

கோடை நெருங்க அவை வடக்கே மீள்கையில், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊர் மரங்களில் குஞ்சுகளைப் பேணுகின்றன. பறவை எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த கிராம மக்கள், அவற்றை விருந்தினராகப் போற்றுவது நமக்கெல்லாம் பாடம்.