சாயமில்லாத பச்சை

இராசபாளையம் அய்யனார் கோவில் போன்ற மேற்குமலை அடிவாரங்களில், கருஞ்சிறகில் மயில்பச்சைப் பட்டை போட்ட பெரிய பட்டாம்பூச்சி பறப்பதுண்டு. அந்தப் பச்சை சாயமில்லை.

சிறகைத் தொட்டால் கையில் ஒட்டுதே தூள், அது ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிய செதில்கள். பட்டையிலுள்ள செதிலுக்குள் மெல்லிய தகடும் காற்று இடைவெளியும் மாறி மாறி இருக்கும். ஒரு தகட்டின் கனம் மில்லிமீட்டரில் சுமார் 10,000-இல் ஒரு பங்குதான். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சை மட்டும் ஒன்றுசேர்ந்து பலமாகும். சாய்த்துப் பார்த்தால் நீலம் தட்டும். சோப்புக் குமிழியிலும் இதே கணக்குத்தான்.

இந்தத் தகடுகள் கூட்டுக்குள் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அதற்குமுன் புழு தின்று வளர்வது முதிரை என்கிற பொரசு மரத்து இலையை. பொரசை வெட்டினாலோ, பூச்சிக்கொல்லி தெளித்துப் புழுவைக் கொன்றாலோ அந்தப் பச்சையும் இல்லை. காட்டையொட்டி நிலம் இருக்கிறவங்க, வேலியோரம் ரெண்டு பொரசை விட்டு வையுங்க.