ஓட்டுநர் அறையின் அனலும் இரைச்சலும்

பெரும்பாக்கத்திலிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறியோ, நகரக் கடைகளுக்குத் துணியோ ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகள் பல உண்டு. 2005-இல் வெளிவந்த டாட்டா ஏஸ் போன்றவற்றில் எஞ்சின் இருக்கையின் கீழேயே அமைந்துள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். ஆயினும் மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கே அவ்விதி. ஆகவே சிறு வண்டிகளைச் சீர்திருத்துவது நம் சங்கங்களின் பொறுப்பாகிறது.

முதலில் கியர்த் தண்டும் பெடல்களும் நுழையும் துவாரங்களின் இடைவெளிகளை ரப்பர் உறையால் மூடுதல் வேண்டும். அனலும் ஓசையும் அவ்வழியே புகுகின்றன. தரைத் தகட்டில் தார் விரிப்பு ஒட்டினால் அதிர்வு அடங்கும். கூரையின் உட்புறம் எளிதில் தீப்பற்றாத நுரை விரிப்புப் பதித்தால் வெயிலின் கொடுமை தணியும். தறிக் கழிவுப் பஞ்சை மட்டும் அடைக்கலாகாது. எண்ணெய் ஊறினால் அது தீப்பற்றும். எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழியையும் மறைத்தல் கூடாது.

இதனை வீண் செலவென நிர்வாகக் குழுவினர் கருதலாகாது என வேண்டுகிறோம். களைத்த ஓட்டுநர் ஒரு கணம் கண்ணயர்ந்தால், சரக்கோடு உயிரும் போய்விடுமன்றோ!