முழங்கால் யாருடையது?

கீரிமலைக் கேணிப் படியில் வழுக்கட்டும், உதைபந்தாட்டத்தில் காலை ஊன்றித் திரும்பும்போது ‘டப்’பென்று சத்தம் கேட்கட்டும், முழங்கால் வீங்கிய வீட்டுக்கு முடிவு சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு மாமாவுக்கு முறிவு நெறிவு வைத்தியரின் பத்துத்தான் மருந்து. கனடாச் சித்தப்பா வாட்ஸ்அப்பில், “உடன ஒப்பரேஷன் செய்யுங்கோ, காசை நான் அனுப்புறன்” என்பார். பயிற்றுநருக்கு அடுத்த மாதச் சுற்றுப்போட்டிக் கவலை. காலுக்குரிய பெடியனை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

சவ்வு கிழிந்துவிட்டது என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் ஏ.சி.எல். எனப்படும் இணைப்பு நாரை. திடீரென வெட்டித் திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்து வைப்பது அதுதான். நேராக நடப்பதற்கு அதன் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. குழப்பமே இங்குதான் தொடங்குகிறது. வீக்கம் வற்றியதும் நடக்க முடிகிறது. “சுகம்” என்று மைதானத்துக்குப் போகிறவர் மறுபடி மடங்கி விழுகிறார்.

கிழிந்தால் சத்திரசிகிச்சைதான் என்ற எண்ணத்தை அசைத்தது சுவீடனின் லுண்ட் நகரில் நடந்த ஆய்வு. இளவயதினர் 121 பேர். ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை. மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு சத்திரசிகிச்சை. 2010இல் வெளியான இரண்டு வருட முடிவில் இரு தரப்பாரின் முழங்கால்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. ஐந்து வருடத்தின் பின்னும் பெரிய வித்தியாசமில்லை; பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏ.சி.எல். சத்திரசிகிச்சை செய்யாமலே இருந்தார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காயம் பழசாகியும் கால் மடங்குகிறவர்களுக்குச் சத்திரசிகிச்சையே கூடுதல் பலன் தந்ததாக 2022இல் வந்த பிரித்தானிய ஆய்வு காட்டியது.

ஆகவே ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மட்டும் முடிவு சொல்ல முடியாது. கிளினிக்கில் நடக்க வேண்டிய பேச்சு இப்படி இருக்கும்:

“தோட்டத்தில வேலை செய்யேக்க கால் மடங்குதோ, அண்ணை?”

“இல்லை டொக்டர். பந்து விளையாடேக்க மட்டுந்தான்.”

“விளையாட்டை விட ஏலுமோ?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு மருத்துவரிடம் பதில் கிடையாது. வெங்காயத் தோட்டக்காரர் “விடலாம்” என்பார். மணலில் கால் புதையப் படகு தள்ளுகிறவர் யோசிப்பார். பெண்கள் உதைபந்தாட்டத்தில் நாடறிந்த தெல்லிப்பழை மகாஜனாவின் மாணவி “ஏலாது” என்பாள். இவ்விளையாட்டில் பெண்களுக்கு இக்காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால் அவளிடம் கூடுதல் நேரம் பேச வேண்டும்.

சிலருக்கு இப்படி ஆறுதலாக யோசிக்க அவகாசமில்லை. கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், அல்லது பல நார்கள் ஒன்றாக அறுந்திருந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சத்திரசிகிச்சை என்றால் தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ சொந்த நாரையே எடுத்துப் பொருத்துவார்கள். ஒன்பது மாதத்துக்கு முன் விளையாடப் போனால் மறுபடி காயம்படும் ஆபத்து கூடுதல். பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு வராது என்ற உத்தரவாதமும் இல்லை. கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசெம்பர் கார் விபத்தில் முழங்கால் நார்கள் அறுந்து, 2024 மார்ச்சில்தான் ஆட்டத்துக்குத் திரும்பினார். அவருக்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் சபையே நின்றது. இங்கே அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தான். ஆனால் மாதக்கணக்கில் பயிற்சிக்குப் பஸ் ஏறிப் போய்வரும் செலவும், அன்றன்றைய கூலி இழப்பும் எந்த ரிப்போர்ட்டிலும் எழுதப்படுவதில்லை. என்னைக் கேட்டால், முடிவெடுக்கும்போது முதலில் பேச வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முடிவுக்கென்றே, நன்மை தீமைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நோயாளி தானே யோசிப்பதற்கு ஒரு கையேடு தயாரித்திருக்கிறார்கள். நம் கிளினிக் வாங்கில் காத்திருப்பவர் கையிலும் தமிழில் அப்படி ஒன்று இருக்கலாம். எந்த வழியில் போனாலும் முதல் வாரங்களின் வேலை ஒன்றுதான்: வீக்கத்தை இறக்கி, காலை முழுதாக நீட்டி, தொடைத் தசைக்குப் பலம் ஏற்றுவது. அதைச் செய்துகொண்டே யோசிக்கலாம். இடையில் கால் திரும்பத் திரும்ப மடங்கினால் உள்ளிருக்கும் குருத்தெலும்பு வில்லையும் கிழியக்கூடும் என்பதால், அப்போது இன்னும் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும்.