காற்று மாறட்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: பணி ஓய்வுக்குப் பின் மனநிறைவு தருவது உறவோடு ஒட்டி வாழ்வதா? விரும்பியபடி வாழ்வதா? ‘விரும்பியபடி வாழ்வதே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. “அறுபது வயசுக்கு மேல ஆசை ஆசைன்னு கிளம்பிட்டா, பேரன் பேத்தியை யாரு பார்க்கிறது? ஒரு தலைவலின்னா நம்மளை யாரு பார்க்கிறது?” நியாயமான கேள்வி. கைதட்டலும் வாங்கிட்டாங்க. நான் இதற்குத் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லப் போவதில்லை. நடுக்கடலில் இருந்து சொல்லப் போகிறேன். (சிரிப்பு)

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, அல்லது பூட்டிவிட்டு, புருஷனும் பொண்டாட்டியுமாகப் பாய்மரப் படகில் குடியேறிவிடுகிறார்கள். கோடீஸ்வரர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். ஆசிரியர், நர்சு, மெக்கானிக் எல்லாம் இதில் உண்டு. பழைய படகு ஒன்று வாங்குவார்கள். நாற்பதடி நீளம், பதின்மூன்று அடி அகலம் இருந்தால் அது தாராளமான வீடு. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு. குடிதண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக் கொள்வார்கள். வசதி உள்ளவர்கள் கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன எந்திரம் வைத்திருப்பார்கள். வேகம்? மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல். அதாவது ஒன்பது முதல் பதினொரு கிலோமீட்டர். நம்ம ஊர் பால்காரர் சைக்கிள்ல முந்திக்கிட்டுப் போயிடுவார்! (சிரிப்பு)

செலவு இல்லையா? இருக்கு. படகு விலையில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் பராமரிப்புக்கு எடுத்து வை என்பது அவர்களிடையே வழங்குகிற கணக்கு. உப்புத் தண்ணீர் எதையும் விடாது. பம்பு போகும், வயர் போகும், பாய் கிழியும். “அழகழகான ஊராகப் பார்த்துப் போய் ரிப்பேர் வேலை செய்வதற்குப் பெயர்தான் படகு வாழ்க்கை” என்று அவர்களே கேலி பேசிக் கொள்வார்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் ஃப்ளோரிடாவில் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கியிருந்தபோது மாரத்தான் என்ற ஊருக்குக் கூட்டிப் போனார். அங்கே பூட் கீ என்று ஒரு துறை. இருநூறுக்கும் மேற்பட்ட மிதவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படகைக் கட்டிப் போடலாம். கரையோரம் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் துணி துவைத்துக் கொண்டிருந்தார். “எங்கே பயணம்?” என்றேன். “பஹாமாஸ் தீவுகளுக்கு.” “எப்போது?” “மூன்று வாரமாகக் காத்திருக்கிறோம். காற்று மாறட்டும்” என்றார். முகத்தில் ஒரு சலிப்பு இல்லை!

நடுவர் அவர்களே, அந்த மூன்று வாரத்துக்குப் பின்னால் ஒரு பூகோளப் பாடம் இருக்கிறது. மயாமிப் பக்கத்தில் இருந்து பஹாமாசின் பிமினித் தீவு சுமார் 50 கடல் மைல், அதாவது 90 கிலோமீட்டர். ஆனால் நடுவில் வளைகுடா நீரோட்டம் என்று கடலுக்குள்ளேயே ஓர் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. வடக்கே இருந்து வரும் காற்றுக்கு நம்ம தமிழில் என்ன பெயர்? வாடை. அந்த வாடைக் காற்று எதிரே வந்து நீரோட்டத்தோடு மோதினால், அலை சுவர் மாதிரி செங்குத்தாக எழும்பும். அதில் சின்னப் படகு மாட்டினால் படாத பாடு படும். அதனால் காற்று தெற்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ திரும்பித் தணிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். சில சமயம் ஒரு நாள். சில சமயம் மூன்று வாரம். “எங்க திட்டத்தை எல்லாம் கடற்கரை மணலில், அலை உள்வாங்கிய நேரத்தில்தான் எழுதி வைக்கிறோம்” என்பது அவர்கள் சொலவடை. அடுத்த அலை வந்தால் அழிந்து போகும். மறுபடி எழுதுவார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. தள்ளிப் போடுவது வேறு, காத்திருப்பது வேறு. பார்வைக்கு இரண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். இரண்டு பேருமே புறப்படவில்லை. ஆனால் காத்திருப்பவன் பாயைத் தைத்து வைத்திருக்கிறான், தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறான், காலையும் மாலையும் வானிலை அறிக்கை கேட்கிறான். தள்ளிப் போடுகிறவன் “பார்க்கலாம்” என்கிறான். அந்தப் “பார்க்கலாம்” என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள். நம்ம வீட்டில் வேறு பொருள்! (கைதட்டல்)

சரி, அம்மையார் கேட்ட உறவுக்கு வருகிறேன். கடலுக்குப் போனவர்கள் உறவை அறுத்துக்கொண்டா போனார்கள்? அவர்களுடைய காலண்டரைப் பாருங்கள். அட்லாண்டிக் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அந்த மாதங்களில் படகைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களே நிபந்தனை போடுகின்றன. விளையாட்டான விஷயமில்லை. 2024 ஜூலை 1-ஆம் தேதி கரீபியனின் கரியாகு தீவைப் பெரில் புயல் தாக்கியபோது, அங்கே பத்திரம் என்று ஒதுங்கியிருந்த படகுகளே நொறுங்கின. அதனால் பலர் என்ன செய்கிறார்கள்? படகைக் கரையேற்றிவிட்டு, அந்த மாதங்களைப் பிள்ளைகள் வீட்டில் கழிக்கிறார்கள். பேரன் பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். பாதி வருஷம் கடல், பாதி வருஷம் குடும்பம். வருஷம் முழுக்க ஒரே வீட்டில் இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத குடும்பங்களை நாம் பார்க்கிறோமா இல்லையா? (கைதட்டல்)

விருந்தாளி வந்தாலும் அங்கே ஒரு சட்டம் உண்டு. “நீங்கள் வந்து ஏறும் இடத்தைச் சொல்லுங்கள், அல்லது தேதியைச் சொல்லுங்கள். இரண்டையும் சொல்லாதீர்கள்!” ஏன்? தேதிக்காக அவசரப்பட்டு, கெட்ட காற்றில் படகை விட்டவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். நம்ம வீட்டு சம்பந்தி இதைக் கேட்டால் உறவே முறிந்துவிடும்! (சிரிப்பு) ஆனால் அந்தச் சட்டத்தைப் புரிந்துகொண்டு வருகிறவன்தான் நண்பன்.

நங்கூரம் போடுவதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பத்தடி ஆழம் என்றால் எத்தனை அடி கயிறு விட வேண்டும்? பத்தடி என்பீர்கள். இல்லை. ஐந்து முதல் ஏழு மடங்கு. ஐம்பது முதல் எழுபது அடி விட வேண்டும். நீளமாக விட்டால்தான் இழுவை படுக்கைவாட்டில் போய், நங்கூரம் மண்ணைக் கவ்வும். குட்டையாகப் பிடித்தால் மேல்நோக்கி இழுத்து, நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். உறவும் அப்படித்தாங்க! மகனை, மருமகளை எவ்வளவுக்கெவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு அது பெயர்ந்து வருகிறது. கயிற்றை விட்டுக் கொடுக்கிற நங்கூரம்தான் பிடிக்கிறது. (பலத்த கைதட்டல்)

இன்னொன்று கணவன் மனைவி. நாற்பதடிக்குள் இரண்டு பேர். சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்குப் போக முடியாது, தெருவே கிடையாது! இராப் பயணத்தில் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று முறை வைத்துக் காவல் இருப்பார்கள். அவர் தூங்கும்போது அந்த அம்மா விழித்திருப்பார். அந்த அம்மா தூங்கும்போது அவர். ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மற்றவருக்குத் தூக்கம் வருகிறது. முதுமையில் தாம்பத்தியத்துக்கு இதைவிட ஒரு விளக்கம் நான் படித்ததில்லை.

எல்லாரும் உலகைச் சுற்றிவிடுகிறார்களா? கிடையாது. பஹாமாசில் ஜார்ஜ் டவுன் என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் அங்கே வந்து சேரும். தினமும் காலையில் ரேடியோவில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லி, “யாரிடமாவது இந்த உதிரிப் பாகம் இருக்கா?” என்று விசாரிப்பார்கள். அந்தத் துறைக்குப் பட்டப்பெயர் சிக்கன் துறைமுகம். பிரியாணி கிடைக்கும் என்று நினைச்சுடாதீங்க. அவர்கள் பேச்சில் சிக்கன் என்றால் பயந்தவன். கோழிக்கும் கோழைக்கும் ஓரெழுத்துதானே வித்தியாசம்! (சிரிப்பு) அதற்கப்பால் கரீபியன் போக வேண்டுமானால் கிழக்கே இருந்து ஓயாமல் வீசும் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். அதனால் பலர் அங்கேயே தங்கிவிட்டு, வசந்தத்தில் திரும்பிவிடுகிறார்கள். பட்டப்பெயரைச் சொல்லி அவர்களே சிரித்துக் கொள்கிறார்கள். வந்தது வரை லாபம்!

இனி ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஜீன் சாக்ரடீஸ். பேரே தத்துவம். இங்கிலாந்தில் கணக்கு டீச்சர். பிறந்தது 1942. நாற்பத்தைந்து வயது தாண்டிய பிறகுதான் பாய்மரமே பழகினார். அவரும் கணவர் ஜார்ஜும் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, 1997-இல் ‘நெரீடா’ என்ற படகில் கிளம்பினார்கள். 2003-இல் ஜார்ஜ் புற்றுநோயில் இறந்து போனார்.

கணக்குப் போடுங்க. 1997-இல் இருந்து 2003. ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தை அவர்கள் “பார்க்கலாம்” என்று தள்ளியிருந்தால், அந்த அம்மாவுக்கு மிச்சம் என்ன? வாங்காத ஒரு படகு. அவ்வளவுதான்.

அந்த அம்மா படகை விற்கவில்லை. தனியாகவே ஓட்டினார். 2008-இல் உலகச் சுற்று முடிய மிகக் கொஞ்ச தூரமே இருந்தபோது, மெக்சிகோ கரையில் படகு மோதிப் போய்விட்டது. அதே பெயரில் இன்னொரு படகு வாங்கினார். 2011 ஜனவரியில் தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனைக்கு அருகே அலை படகைச் சாய்த்துப் போட்டது. ரிப்பேர் செய்தார். 2012 அக்டோபரில் கனடாவின் விக்டோரியாவில் கிளம்பி, எங்கும் நிற்காமல் 259 நாளில் 2013 ஜூலையில் திரும்பினார். வயது எழுபது. அதோடு விட்டாரா? மறுபடி போகத் தயாரானபோது 2017-இல் படகில் வேலை செய்கையில் விழுந்து, கழுத்திலும் விலாவிலும் எலும்பு முறிவு. ஒரு வருஷம் தள்ளிப் போனது. 2018 அக்டோபரில் புறப்பட்டு, 339 நாள் தன்னந்தனியாகச் சுற்றி, 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி கரை சேர்ந்தார். எழுபத்தேழு வயது! (நீண்ட கைதட்டல்)

அவருக்கும் திட்டம் தள்ளிப் போயிருக்கிறது. ஒரு தடவை அல்ல, பல தடவை. கடல் தள்ளிப் போட்டது; உடம்பு தள்ளிப் போட்டது. அவராகத் தள்ளிப் போடவில்லை.

தலைவலி வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன். அமெரிக்க முதியவர்களுக்கு உள்ள ‘மெடிகேர்’ என்ற அரசுக் காப்பீடு வெளிநாட்டில் பொதுவாகச் செல்லாது. முழங்கால் வலிக்கும், இதயம் மிரட்டும். அப்போது படகை விற்றுவிட்டுக் கரைக்கு வந்துவிடுகிறார்கள். யாரும் கடலில் நிரந்தரமாகக் குடியிருக்கப் போவதில்லை. அது தெரிந்ததால்தான் முடிகிற காலத்திலேயே போகிறார்கள். எதிரணி சொல்கிற அந்த நோயே என் அணிக்குச் சாட்சி!

எனக்கு ஐம்பத்தேழு வயசு. இன்னும் மூன்று வருஷத்தில் மாலை போட்டு அனுப்பி வைப்பார்கள். தலைக்காவிரியில் இருந்து பூம்புகார் வரை ஆற்றோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று நானும் என் மனைவியும் பேசி இருபது வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு வைத்தியம், வீட்டுக் கடன், பெண்ணின் கல்யாணம். எல்லாம் செய்ய வேண்டியவை, செய்தோம். அவை வாடைக் காற்று. ஆனால் காற்று மாறின பிறகும் கரையிலேயே நின்றால், அதற்குக் காற்று பொறுப்பில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, எல்லாரும் படகு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கே நீச்சல் தெரியாது! (சிரிப்பு) ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பயணம் பாக்கி இருக்கிறது. அது கோயிலாக இருக்கலாம், படிக்க நினைத்த புத்தகமாக இருக்கலாம், பேசாமல் விட்ட ஒரு சிநேகிதனைப் போய்ப் பார்ப்பதாக இருக்கலாம். இன்றைக்கு இராத்திரி வீட்டுக்குப் போய், உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது காற்றா, “பார்க்கலாம்” என்ற சொல்லா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். உறவைக் கையோடு கூட்டிக்கொண்டு விரும்பியபடி வாழ்வதே மனநிறைவு என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.