வெட்டுவான் கோயில்

வெட்டுவான் கோயில் என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள கழுகுமலை என்னும் ஊரில், மலைப்பாறையைச் செதுக்கி உருவாக்கப்பட்ட ஒற்றைக்கல் கோயில் ஆகும். கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கோயில் முற்காலப் பாண்டியர் கலைப்பணிகளுள் தலைசிறந்த ஒன்றாகக் கருதப்படுகிறது. இதன் வேலை முடிவடையவில்லை. மேற்பகுதி நுணுக்கமான சிற்பங்களுடன் நிறைவு பெற்றிருக்க, கீழ்ப்பகுதி வெறும் பாறையாகவே நின்றுவிட்டது. இந்நிலையே, ஒற்றைக்கல் கோயில்கள் எவ்வாறு உருவாக்கப்பட்டன என்பதை அறிய உதவும் சிறந்த சான்றாகவும் அமைந்துள்ளது.

அமைவிடம்

கழுகுமலை, கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது. 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இம்மலை பழங்காலத்தில் அரைமலை என வழங்கப்பட்டது. இதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும், மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி என்னும் முருகன் குடைவரைக் கோயிலும் உள்ளன.

தென்பாண்டி நாட்டின் கட்டிடப் பொருள்கள்

ஒரு வட்டாரத்தில் கிடைக்கும் பொருளே அவ்வட்டாரக் கட்டிடங்களின் தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை, தாமிரபரணி ஆற்றின் கழிமுகத்தில் வண்டல் மண் படிந்த சமவெளியில் அமைந்திருந்தது. அங்குக் கல்லைவிடக் களிமண் எளிதில் கிடைத்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69ஆம் ஆண்டுகளிலும் 2021ஆம் ஆண்டிலும் கொற்கையில் நடத்திய அகழாய்வுகளில் செங்கற் கட்டிடப் பகுதிகள் வெளிப்பட்டன. கடல் பின்வாங்கியதால் கொற்கை இன்று உள்நாட்டு ஊராகிவிட்டது. அதன் பழைய கட்டிடங்கள் மண்ணுள் புதைந்துவிட்டன.

ஆற்றுச் சமவெளிக்கு வடக்கே, கரிசல் நிலத்தின் நடுவில் தனித்து எழும் கருங்கல் மலைகளுள் ஒன்று கழுகுமலை. இங்கு மலையே கட்டிடப் பொருளாயிற்று. செங்கல்லும் மரமும் காலத்தால் அழியக்கூடியவை. தாய்ப்பாறையிலிருந்து பிரிக்கப்படாத கோயில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலைத்து நிற்கிறது.

வடிவமைப்பு

மலைச்சரிவில் ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்திற்குப் பாறை வெட்டி அகற்றப்பட்டு, நடுவில் விடப்பட்ட பாறைத்திரள் கோயிலாகச் செதுக்கப்பட்டுள்ளது. மலையின் மேலிருந்து பார்ப்பவர்களுக்கு விமானத்தின் உச்சியே முதலில் கண்ணில் படும். எண்பட்டை வடிவச் சிகரம் மலர்ந்த தாமரை போன்று காட்சியளிக்கிறது.

விமானத்தில் உமாமகேசுவரர், தட்சிணாமூர்த்தி, திருமால், பிரமன் ஆகியோரின் உருவங்களும், நந்திகளும், பல்வேறு பாவங்களில் பூதகணங்களும் உள்ளன. தென்புறத்தில் உள்ள தட்சிணாமூர்த்தி, மிருதங்கம் வாசிக்கும் கோலத்தில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்க சிறப்பாகும். சிகரத்திலிருந்து கீழே இறங்க இறங்க வேலைப்பாடு குறைகிறது. சுவர்ப்பகுதி முழுமை பெறவில்லை. அடித்தளம் உருப்பெறவேயில்லை.

மேலிருந்து கீழாக

திராவிடக் கட்டிடக்கலை மரபில் விமானம் அதிட்டானம், பாதம், பிரத்தரம், கிரீவம், சிகரம், தூபி என்னும் ஆறு உறுப்புகளைக் கொண்டது. இவை முறையே தாங்குதளம், சுவர், கூரை, கழுத்து, தலை, முடி ஆகியவற்றைக் குறிக்கும். கற்களை அடுக்கிக் கட்டும் கோயிலில் இவை கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். அம்பாசமுத்திரத்திற்கு அருகிலுள்ள திருவாலீசுவரம் கோயில் இவ்வாறு கட்டப்பட்ட சோழர்காலக் கற்றளி ஆகும். வெட்டுவான் கோயிலில் இவ்வரிசை தலைகீழாகிறது. சிகரம் முதலில் செதுக்கப்படுகிறது. தாங்குதளம் இறுதியில் வருகிறது.

இம்முறையில் சில வசதிகள் உள்ளன. சிற்பிகள் இன்னும் வெட்டப்படாத பாறையின் மீதே நின்று வேலை செய்வதால் சாரம் கட்டத் தேவையில்லை. வேலை நடக்க நடக்க அவர்கள் நிற்கும் தளமும் கீழே இறங்குகிறது. மேலேயிருந்து விழும் கற்சில்லுகளால் முடிந்த சிற்பங்கள் சேதமடைவதும் இல்லை. பாரமான கற்களை உயரத்துக்கு ஏற்றும் வேலையும் இல்லை.

அதே நேரத்தில் இம்முறை பிழையைப் பொறுக்காது. கட்டப்படும் கோயிலில் பழுதான கல்லை அகற்றி வேறு கல்லை வைக்கலாம். இங்கு ஒருமுறை வெட்டிய பாறையை மீண்டும் சேர்க்க இயலாது. எனவே அடித்தளத்தின் அகலம், சுவரின் உயரம், வாயிலின் இடம் ஆகிய அனைத்தும் முதல் உளி விழுவதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அன்றைய சிற்பிகளின் கணக்கறிவுக்கு இது சான்றாகும்.

பிற ஒற்றைக்கல் கட்டிடங்களுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் இவ்வகைக்கு முந்திய எடுத்துக்காட்டுகள் பல்லவர் காலத்து மாமல்லபுரம் இரதங்கள் ஆகும். தருமராச இரதத்தின் மேற்தளங்கள் நிறைவடைந்தும் கீழ்ப்பகுதி நிறைவடையாமலும் இருப்பது, அங்கும் வேலை மேலிருந்தே தொடங்கியதைக் காட்டுகிறது. ஆனால் அவை தரைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த பாறைகளில் செதுக்கப்பட்டவை. வெட்டுவான் கோயிலோ மலையின் உடலுக்குள்ளிருந்து அகழ்ந்து எடுக்கப்பட்டது.

இவ்வகையில் இதற்கு மிக நெருக்கமானது மகாராட்டிரத்தின் எல்லோராவில் உள்ள கைலாசநாதர் கோயில் ஆகும். இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருட்டிணன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில் உருவான அக்கோயில் அளவில் பன்மடங்கு பெரியது. இவ்வொப்புமை காரணமாகவே கழுகுமலை "தென்னகத்தின் எல்லோரா" எனவும் அழைக்கப்படுகிறது. எனினும் எல்லோராவின் பாறை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் வகையைச் சேர்ந்தது. எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் நிலத்தைக் குழியாக வெட்டி உருவாக்கப்பட்ட 11 கிறித்தவத் தேவாலயங்களும் எரிமலைப் பாறையில் அமைந்தவையே. யோர்தானின் பெட்ராவில் மென்மையான மணற்கல் மலையில் முகப்புகள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டன. ஆனால் கட்டிடம் மலையிலிருந்து தனியாகப் பிரிக்கப்படவில்லை.

காலமும் பெயரும்

இக்கோயிலைச் செய்வித்தவர் பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் எனக் கருதப்படுகிறது. கலைப்பாணியும், இம்மலையின் சமணச் சிற்பப் பகுதியில் உள்ள அம்மன்னன் காலக் கல்வெட்டுகளும் இக்கருத்துக்கு அடிப்படையாக உள்ளன. வெட்டுவான் என்பது கல்லை வெட்டுபவனைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. அரசன் பெயரோ இறைவன் பெயரோ அன்றி, தொழிலாளியின் பெயரால் இக்கோயில் வழங்குவது கருதத்தக்கது.

வேலை நின்றுபோனதற்கு மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. சிற்பியான தந்தைக்கும் மகனுக்கும் இடையே போட்டி எழுந்தது எனவும், மகனின் திறமையைப் பொறாத தந்தை அவனைக் கொன்றதால் கோயில் முடிவடையவில்லை எனவும் அக்கதை கூறுகிறது. இது செவிவழிக் கதையே ஆகும்.

பாதுகாப்பு

இக்கோயில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆகும். பழுதடைந்த கட்டிடங்களைப் புதுப்பிப்பது வழக்கம். ஆனால் வெட்டுவான் கோயிலின் கரடுமுரடான கீழ்ப்பகுதி பழுது அன்று. அது பாதியில் நின்ற வேலை. அதனைச் செப்பனிட்டாலோ சிமெந்து பூசினாலோ சிற்பிகளின் வேலை வரிசையைக் காட்டும் தடயங்கள் மறைந்துவிடும். பாறையின் மீது பெயர்களைக் கீறுவதும் இத்தகைய இழப்பையே உண்டாக்கும். முடிந்த சிகரம் பாண்டியச் சிற்பிகளின் அழகுணர்வைக் காட்டுகிறது. முடியாத அடிப்பகுதியோ அவர்கள் வேலை செய்த முறையைக் காட்டுகிறது. இரண்டும் உள்ளபடியே பாதுகாக்கப்பட வேண்டியவை ஆகும்.