எந்தக் கார் மலிவு?



சென்ற வாரம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு வாதம் எழுந்தது. இயந்திரவியல் பயிலும் தம்பி ஒருவருக்குத் தேசிய ராலிப் போட்டியில் கார் ஓட்ட ஆசை. “அண்ணா, எந்தக் கார் மலிவு?” என்றார். “எந்தப் பிரிவு மலிவு என்று கேள், தம்பி” என்றேன். அதன் விளக்கமே இக்கட்டுரை.

இந்திய தேசிய ராலிச் சாம்பியன்ஷிப் 1988-ஆம் ஆண்டு தொடங்கியது. ராலியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுக் காலத்தோடு போட்டியிடுகின்றன. ஆகவே ஒரே சாலையில் பலவகைக் கார்களும் ஓடலாம். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு உள்ளதுபோல, இங்கே எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு பிரிவுகள் வகுத்தனர். உலக விதிகளில் நெடுங்காலம் 1400, 1600, 2000 சி.சி. என்பன எல்லைகளாக இருந்தன. நம் ஹூக்ளிக் கரையில், உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசடரின் பழைய எஞ்சின் 1489 சி.சி. ஆகும்; அது 1600-க்குள் அடங்கும். மாருதி ஜிப்சியின் 1298 சி.சி. எஞ்சின் 1400-க்குள் அடங்கும். டர்போ பூட்டியிருந்தால் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்குவர்; 1000 சி.சி. எஞ்சின் 1700 ஆகிவிடும்!

ஆனால் செலவு ஏறுவது காரின் விலையால் அன்று. அதில் செய்யும் மாற்றங்களால். ஆலையிலிருந்து வந்த காரைப் பெரும்பாலும் அப்படியே ஓட்டச் சொன்னது ‘குரூப் என்’ விதி. கூடுதல் மாற்றங்களுக்கு இடமளித்தது ‘குரூப் ஏ’. இடம் இருந்தால் எதிராளி மாற்றுவான். அவன் மாற்றினால் நாமும் மாற்றியாக வேண்டும். பணப்பைக்கு அடி ஏது?

எனவே மூன்று கேள்விகள் கேளுங்கள். எஞ்சின், பிரிவின் மேல் எல்லையை ஒட்டியுள்ளதா? மாற்றங்களுக்குத் தடை உண்டா? உதிரிப் பாகம் சிற்றூர்க் கடையிலும் கிடைக்குமா? இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வெளியிடும் அவ்வாண்டின் விதிகளைப் படித்த பின்னரே காரைத் தேடுங்கள்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. கார் உருண்டால் உயிர் காக்கும் இரும்புக் கூண்டு, தலைக்கவசம், இருக்கைப் பட்டை ஆகியவை எந்தப் பிரிவிலும் தேவை. தம்பியின் கணக்கில் இவை இல்லை. சேர்த்துக் கூட்டினோம், தொகை அவர் பார்த்து வைத்த பழைய காரின் விலையையே மிஞ்சிற்று. அவர் முகம் வாடியது.

“ராலிக் காரில் இருவர் உண்டு, தம்பி. ஓட்டுபவர் ஒருவர், பாதைக் குறிப்பைப் படித்து வழிசொல்பவர் மற்றவர். முதலில் வழிசொல்லப் பழகு” என்றேன்.

இப்போது அவர் கையில் விதிநூல் இருக்கிறது. கார் பிறகு வரட்டும்!