எதிர்காலப் போரைச் செவியால் அறிதல்: கெடா மண்ணிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

தொலைதூர எதிர்காலத்தில் நிகழும் போர்களைக் களமாகக் கொண்ட குறு ஒலிநாடகங்கள் இன்று அறிவியல் புனைவின் ஒரு தனிவகையாக வளர்ந்துள்ளன. 41-ஆம் ஆயிரத்தாண்டின் முடிவில்லாப் போரைச் சித்திரிக்கும் 'வார்ஹாமர் 40,000' வரிசை ஒலிநாடகங்கள் இதற்கு நல்ல சான்று. சுங்கை பட்டாணியிலோ பீடோங் தோட்டப்புறத்திலோ இருந்துகொண்டு கைப்பேசி வழி இவற்றைக் கேட்கும் தமிழ் இளைஞர் எதைக் கேட்கிறார், எதைக் கேளாமல் விடுகிறார் என்பதை இங்குக் காண்போம்.

செவிவழிப் போர் உருவாகும் முறை

இவ்வகை நாடகத்தின் வேர் வானொலியில் உள்ளது. எச். ஜி. வெல்சு 1898-இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்வாசிகளின் படையெடுப்புக் கதையை, 1938 அக்டோபர் 30-ஆம் நாள் ஆர்சன் வெல்சு அமெரிக்க வானொலியில் செய்தியறிக்கை வடிவில் நாடகமாக்கினார். அதனை உண்மையென நம்பி அஞ்சியோரும் உண்டு; எனினும் நாடே கலங்கியது என்று நாளேடுகள் எழுதியது மிகை என்பது பிற்கால ஆய்வாளர் முடிவு.

ஒலிநாடகத்தில் மேடையோ திரையோ இல்லை. குரல், ஓசை, இசை, மௌனம் ஆகிய நான்குமே கருவிகள். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரையிலான அதிர்வுகளை உணரும். ஒரு குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்சு வரையிலான பகுதியை மட்டும் நிறுத்திப் பிறவற்றை நீக்கினால், அது தொலைபேசிக் குரல் போல ஒலிக்கும். பேசுபவர் வெகுதொலைவில் இருப்பதாகக் கேட்போர் உணர்வர். வெற்றிடத்தில் ஒலி பரவாது. ஆதலின் விண்வெளிப் போரை அறிவியலுக்கு ஒத்தவாறு காட்ட விரும்பும் ஆசிரியர், வெடியோசையை வெளியே வைக்காமல் கலத்தின் உள்ளதிர்வாகவும் வீரரின் மூச்சொலியாகவும் அமைக்கலாம்.

போரின் கொடுமையை உணர்த்தப் பீரங்கி முழக்கமும் கட்டாயமன்று. 1950-இல் அமெரிக்காவின் 'டைமென்சன் எக்ஸ்' வானொலித் தொடர் ரே பிராட்பரியின் கதையொன்றை ஒலிபரப்பியது. அணுகுண்டுக்கு இரையான நகரில் தானியங்கி வீடு ஒன்று மட்டும் நேரத்தை அறிவித்து, காலை உணவு சமைத்துக்கொண்டிருக்கிறது, உண்பதற்கு ஆளில்லை. பதிலில்லாத அக்குரலே போரின் விளைவைக் கூறிவிடுகிறது.

கெடா மண்ணின் அனுபவம்

கெடா மக்களுக்குப் போர் வெறும் கற்பனையன்று. 1941 டிசம்பரில் ஜித்ராவில் மழையினூடே, ரப்பர்த் தோட்டங்களையும் நெல்வயல்களையும் ஒட்டிப் பெரும்போர் நடந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு அது கண்ணில் படுமுன் காதில் விழுந்திருக்கும். தொடர்ந்து வந்த சப்பானியர் ஆட்சியில் அயல்நாட்டு வானொலியைக் கேட்பதே குற்றமாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர், 1943 அக்டோபரில் முடிவுற்ற 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. அத்துயரை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் பதிவுசெய்துள்ளது.

இவ்வனுபவத்தோடு எதிர்காலப் போர் நாடகங்களைக் கேட்கும்போது ஒரு குறை புலனாகிறது. அவற்றுள் பெரும்பாலானவை படைவீரர், தளபதியர் குரல்களாலானவை. அப்படைக்குப் பாதை அமைத்தவன், அவனை அனுப்பிவிட்டு லயத்தில் காத்திருந்தவள் ஆகியோரின் குரல் அரிதாகவே கேட்கிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நிகழும் போரிலும் சுமை தூக்குவோர் இருப்பர் அன்றோ?

முடிவுரை

1946-இல் தொடங்கிய மலாயா வானொலியின் மரபில் இன்று மின்னல் பண்பலை வரை தமிழ் ஒலிபரப்பு நம்மிடம் உள்ளது. கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்யும் வசதியும் வந்துவிட்டது. ஆகவே கெடா மண்ணிலிருந்து தமிழில் இத்தகைய நாடகம் பிறக்கத் தடையில்லை. ஆனால் காலம் காத்திராது. 1941-இல் பத்து வயதுச் சிறுவராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். அவர்கள் கேட்ட ஓசைகளை அவர்கள் குரலிலேயே பதிந்து வைப்பது நம் முதற்கடமை. அப்பதிவின்மேல் எழும் எதிர்காலக் கதையே நமக்குரியதாக அமையும்.